அடிபட்ட நாயை எப்போது இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கலாம்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். புளியரை மலைப்பாதையில் வண்டி அடித்துக் கிடந்த ஒரு பெட்டை நாயைச் செங்கோட்டைக்காரர் ஒருவர் வீட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறார். ஐந்து வாரம் ஆகிறது. இடுப்பெலும்பு உடைந்திருந்தது. இப்போது எழுந்து நடக்கிறது, பின்னங்கால் ஒன்று மட்டும் இழுக்கிறது. நாய் வந்த ராசியோ என்னவோ, சில நாளிலேயே காய்கறிச் சந்தைப் பக்கம் இரண்டு பூனைக்குட்டிகளும் கையில் சேர்ந்திருக்கின்றன. இருப்பது வாடகை வீடு, வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூரில், தெரிந்த குடும்பம் ஒன்று நாயைக் கேட்கிறது. முழுசாகக் குணமாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது, எப்போது கொடுக்கலாம், போன இடத்தில் ஏங்கிச் சாப்பிடாமல் கிடந்துவிடாதா என்று மூன்று கேள்விகள். மூன்றாவதற்கு அடியில் நான்காவது ஒன்று ஒளிந்திருப்பது போல எனக்குப் படுகிறது: இப்படிக் கொடுப்பதும் ஒருவகையில் கைவிடுவதுதானோ? அதற்கும் பதில் சொல்கிறேன், கடைசியில்.

முதலில் என் நிலைமை. எல்லைப் பக்கத்து அரசு கால்நடை மருந்தகங்களில் முப்பது ஆண்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக மருத்துவராக இருந்தவன். அதில் பாதி மாடும் ஆடும்தான். நாய்கள் வரிசையாக வர ஆரம்பித்தது பிற்பாடு. பூனையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் கல்லூரி சொல்லிக்கொடுத்தது குறைவு, வீட்டில் வளர்ந்த பூனைகள் சொல்லிக்கொடுத்தது அதிகம். உங்கள் நாயை நான் தொட்டுப் பார்க்கவில்லை. நீங்கள் போட்டிருக்கும் எக்ஸ்ரே படம் மங்கல். ஆகவே நான் சொல்வதை உங்கள் மருத்துவர் சொல்வதற்கு மேலே வைக்காதீர்கள்.

இடுப்பெலும்பு விஷயத்தில் நல்ல செய்தி சொல்லலாம். நாயின் இடுப்புக்கூடு ஒரு பெட்டி மாதிரி. அடிபட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று இடத்தில் சேர்ந்தே உடையும். படத்தில் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் தொடையெலும்பு பொருந்தும் குழி உடையாமல், நரம்பும் தப்பியிருந்தால், நான்கு முதல் ஆறு வாரம் சின்ன இடத்தில் அடைத்து வைத்து ஓடவிடாமல் பார்த்துக்கொண்டாலே பல நாய்களுக்கு எலும்பு கூடிவிடும். இப்படி அடிபட்ட நாய் வந்தால் எல்லோரும் காலைப் பார்ப்பார்கள், நான் மூத்திரத்தைக் கேட்பேன். தானாகப் பெய்கிறதா, சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறதா? ஒழுகினால் பை நிரம்பி வழிகிறது என்று பொருள், அது வேறு கதை. உங்கள் நாய் தானாகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிக் கவலை விட்டது.

இழுக்கும் காலை ஒரு தரம் சோதித்துப் பாருங்கள். விரலிடுக்கை அழுத்திக் கிள்ளினால் காலைச் சுருக்குகிறதா என்பது மட்டும் போதாது. அது வெறும் அனிச்சை, தண்டுவடம் அறுந்த நாய்கூடச் செய்யும். தலையைத் திருப்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா என்று பாருங்கள் (முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு). வலி மூளைக்குப் போய்ச் சேர்ந்தால் நரம்பு உயிரோடு இருக்கிறது. நசுங்கிய நரம்பு திரும்ப மாதக்கணக்கில் எடுக்கும். சில சமயம் அரைகுறையாகவே நின்றுவிடும். அது எந்தப் பக்கம் போகும் என்று ஐந்தாவது வாரத்தில் சொல்பவரை நம்ப வேண்டாம். அதுவரை பாதத்தின் மேல்புறம் சிமெண்டுத் தரையில் உராய்ந்து புண்ணாகாமல் பழைய சாக்ஸை மாட்டிவிடுங்கள். மூன்று காலில் ஓடும் நாயைப் பார்த்து நாம்தான் அய்யோ பாவம் என்கிறோம். அது பாட்டுக்கு அணிலை விரட்டிக்கொண்டு போகும்.

இடுப்பு உடைந்த பெட்டை நாயில் பலர் மறந்துபோகும் ஒன்று உண்டு. எலும்பு கோணலாகக் கூடியிருந்தால் குட்டி வெளியே வரும் பாதை குறுகியிருக்கும். சினையானால் பிரசவத்தில் குட்டி சிக்கித் தாயும் போய்விடலாம். அதனால் இதற்குக் கருத்தடை அறுவை ‘செய்தால் நல்லது’ ரகம் இல்லை, கட்டாயம். உடம்பு தேறி, ரத்தம் சரியாக இருக்கிறது என்று பார்த்து, கொடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். “அவர்கள் செய்துகொள்வார்கள்” என்று விட்டது நடந்ததைவிட நடக்காததையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதே குறுகலால் மலச்சிக்கலும் வரும். முக்குகிறதா என்று கவனியுங்கள், எலும்பை மென்று தின்னக் கொடுக்காதீர்கள்.

காயம் ஆறுவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே இருக்கும் நோய் தெரியாது. தெருவில் கிடந்த நாய் என்றால் உண்ணி இருந்திருக்கும், உண்ணி இருந்தால் உண்ணிக் காய்ச்சல் இருக்கலாம். எர்லிக்கியா என்ற கிருமி முதல் கட்டம் தாண்டியபின் மாதக்கணக்கில், ஏன் ஆண்டுக்கணக்கில்கூட, சத்தமில்லாமல் உடம்பில் இருக்கும். பிறகு ஒருநாள் மூக்கில் ரத்தம், ஈறு வெளுப்பு, பசியின்மை. ஒரு ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்த்துவிடுங்கள். டாக்சிசைக்ளின் எழுதிக் கொடுத்தால் வழக்கமாக 28 நாள். ஏழாம் நாள் வாலாட்டிக்கொண்டு சாப்பிடும், மாத்திரையை நிறுத்தத் தோன்றும், நிறுத்தாதீர்கள். தோலில் சொறி இருந்தால் பழைய இன்ஜின் ஆயில் பூசச் சொல்லிப் பக்கத்து வீட்டில் யாராவது வருவார்கள், இந்தப் பக்கத்தில் அது தலைமுறை வைத்தியம். நக்கி விழுங்கினால் உள்ளே போவது விஷம், தோலும் வெந்துபோகும். இன்று ஒரே மாத்திரையில் சொறிப்பூச்சியும் உண்ணியும் விழுகிற மருந்து கிடைக்கிறது.

இன்னொன்று. இப்போது உங்களுக்குக் கை வந்துவிட்டது, நாளை யாராவது ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து உங்கள் வாசலில் விடுவார்கள். ரத்தமாகக் கழியும் பார்வோ நோய்க் குட்டி ஒன்று உங்கள் முற்றத்தில் இருந்துவிட்டால், அந்த வைரஸ் மாதக்கணக்கில், நிழலான ஈர மண்ணில் ஒரு வருஷம்கூட, அங்கேயே கிடக்கும். வீட்டில் ஊற்றும் பினாயில் அதை ஒன்றும் செய்யாது. பிளீச்சிங் கரைசல்தான் கொல்லும், அதுவும் அழுக்கைக் கழுவிய பிறகு ஊற்றினால். 1978 வாக்கில்தான் இப்படி ஒரு நோய் இருப்பதையே உலகம் கண்டுபிடித்தது. இன்று நான் பார்த்த குட்டிச் சாவுகளில் பாதி அதன் கணக்கில்தான் வரும்.

வெறிநோய் பற்றிச் சொல்லாமல் இருந்தால் நான் மருத்துவனே இல்லை. இதில் சந்தேகத்துக்கு இடமில்லாததை முதலில் சொல்கிறேன். நாய் உங்களைக் கடித்திருந்தாலோ, நகம் பட்டு ரத்தம் வந்திருந்தாலோ, உங்கள் புண்ணை நக்கியிருந்தாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோலுக்குள் போடும் ஊசி என்றால் 0, 3, 7, 28 ஆகிய நாள்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடியோ கீறலோ, புண்ணை நக்கியதோ என்றால் புண்ணைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (உடனே வேலை செய்யும் எதிர்ப்புப் புரத ஊசி) வேண்டும். அடிபட்ட நாயைத் தூக்கும்போது கடி படாதவர் அபூர்வம், வலியில் அது யாரையும் கடிக்கும். ஐந்து வாரம் முன்பு பட்டதற்கு இப்போது எதற்கு என்று நினைத்தால், நினைக்காதீர்கள். போடாமல் விட்டிருந்தால், இன்னும் வேண்டுமா என்று நாளைக் காலையே போய்க் கேட்டுவிடுங்கள்.

இதில் எல்லோரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. “கடித்த நாய் பத்து நாள் நன்றாக இருந்தால் பயமில்லை” என்பது உண்மைதான், ஆனால் அது சொல்வது ஒன்றே ஒன்று: கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை. அந்த நாய்க்கே இனி நோய் வராது என்று அது சொல்லவில்லை. உங்களிடம் வருவதற்கு முன் வெறிநாய் எதுவும் அதைக் கடித்திருந்தால், நோய் வெளியே வர வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் ஆகலாம். இதற்காகப் பயந்து நாயைத் தள்ளி வைக்கச் சொல்லவில்லை, அது சின்ன அபாயம்தான். தடுப்பூசி இன்னும் போடவில்லை என்றால் இன்றே போட்டு, ஒரு மாதம் கழித்து இன்னொன்றும் போட்டு, அந்தத் தேதிகளைப் புனலூர்க்காரரிடம் எழுதிக் கொடுங்கள். அடுத்த சில மாதங்களுக்குள் குணம் திடீரென்று மாறினால், குரைப்பு கம்மினால், விழுங்கச் சிரமப்பட்டால், வாயில் கையை விடாமல் மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். கூடவே நைன் இன் ஒன் ஊசியும் (பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் தடுப்பூசி) போட்டுவிடுங்கள். மலைக்கு அந்தப் பக்கம் மழைக்காலம் வந்தால் ‘எலிப்பனி’ என்று எல்லோரும் பயப்படுவார்கள், நம் எலிக்காய்ச்சல்தான். அந்த ஊசியில் அதன் சில வகைகளுக்குத் தடுப்பு உண்டு.

பூனைக்குட்டிகளுக்கு வருகிறேன். முதலில் ஒரு எச்சரிக்கை: காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்கான ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். குட்டிகள் எவ்வளவோ தரம் அப்படிச் செத்து என் மேஜைக்கு வந்திருக்கின்றன, கொண்டுவந்தவர்கள் எல்லோரும் பாசத்தில் கொடுத்தவர்கள். நாய்க்கு உண்ணி விழ முதுகில் விடும் சில மருந்துகளும் (பெர்மெத்ரின் உள்ளவை) பூனைக்கு விஷம், நாய்மேல் பூசிவிட்டு இரண்டையும் ஒன்றாகப் படுக்கவிடாதீர்கள். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றால் போகவைக்கும். ஒரு மாதம் தாண்டியதென்றால் வேகவைத்த கோழியும் மீனும் மசித்துக் கொடுங்கள். எட்டு வாரத்துக்குமுன் கொடுக்க வேண்டாம். பூனைக்குட்டி மனிதர்மேல் பயம் தெளிவது இரண்டாவது வாரத்திலிருந்து ஏழெட்டாவது வாரத்துக்குள் என்பதால், இப்போது தினமும் நாலுபேர் கை மாறி மாறித் தூக்கட்டும். முடிந்தால் இரண்டையும் ஒரே வீட்டுக்குக் கொடுங்கள். பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், அதற்குள் கருத்தடை. வாங்குகிற வீட்டில் திறந்த கிணறு இருந்தால் வலை போட்டிருக்கிறதா என்று பாருங்கள், கேரள வீடுகளில் வாசலுக்கு வாசல் கிணறு.

சரி, வீடு. உங்கள் கேள்வியின் நடுப்பகுதி இதுதான் என்பதால் என் தோல்வி ஒன்றைச் சொல்கிறேன். பல வருஷம் முன்பு வெட்டுக்காயத்தோடு ஒரு செவலை நாய் மருந்தகத்துக்கு வந்தது. தையல் போட்டு, புழு எடுத்து, இரண்டு மாதம் அங்கேயே வளர்ந்தது. தங்கமான நாய். ஒரே ஒரு குறை. இரவில் டார்ச் அடித்துக்கொண்டு ஆள் வந்தால் வெறிகொண்டது போல் பாயும். யாரோ வெளிச்சம் அடித்துத்தான் வெட்டியிருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன். மலைக்கு அந்தப் பக்கம் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த ஒருவர் வந்து கேட்டார். நல்ல மனிதர், பெரிய வீடு. டார்ச் விஷயத்தைச் சொன்னால் வேண்டாம் என்றுவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டேன். ரப்பர் வெட்டுகிறவர்கள் விடியுமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக வருவார்கள் என்பது எனக்குத் தெரியாததா? ஒன்பதாம் நாள் நாய் திரும்பி வந்தது. ஒரு தொழிலாளியின் தொடையில் கடி. அந்தத் தோட்டக்காரர் ஒன்றுமே சொல்லவில்லை, “டாக்டர் சார், இது முன்பே தெரியுமோ?” என்று மட்டும் கேட்டார். அந்த நாயைப் பிறகு செங்கோட்டைக் கடைத்தெருவில் தெருவிளக்கு விடிய விடிய எரிகிற ஒரு வீட்டில், எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். எட்டு வருஷம் இருந்தது.

அதிலிருந்து நான் பழகிக்கொண்டது: கொடுக்கிறவர் நாயின் குறையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கால் இழுக்கிறது, மாடி ஏறாது, சாப்பிடும்போது தட்டைத் தொட்டால் உறுமும், வெடிச்சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் ஓடும், எதுவானாலும். கோயில் உற்சவத்துக்கு வெடி வைக்கிற ஊர் அது, கடைசி விஷயம் முக்கியம். இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒருவர் “பரவாயில்லை, கொடுங்கள்” என்றால் அவர்தான் ஆள். கேட்டுவிட்டுப் பின்வாங்கினால் அவருக்கும் நன்றி சொல்லுங்கள், ஒன்பது நாள் மிச்சம்.

அவர்களிடம் கேட்கவும் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். முன்பு வளர்த்த நாய் எப்படிச் செத்தது? ‘வயசாகி’ என்று சொல்லி, அதன் பெயரையும் சொல்லி, கடைசி நாளில் என்ன சாப்பிட்டது என்பது வரை நீளமாகப் பேசினால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். ‘காணாமல் போச்சு’, ‘வண்டி அடிச்சிருச்சு’ என்று இரண்டு மூன்று நாய் வரிசையாகப் போயிருந்தால் கேட் எப்போதும் திறந்தே கிடக்கிறது என்று அர்த்தம். வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்று, முக்கியமாகச் சோறு வைக்கப் போகிற ஆளுக்குச் சம்மதமா என்று, நேரில் போய்ப் பாருங்கள். செங்கோட்டையிலிருந்து புனலூர் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்தான். பாசஞ்சர் ரயிலில் மலையைப் பார்த்துக்கொண்டே போய் வரலாம்.

அதற்கு முன் இன்னொரு வேலையும் உண்டு. இந்த நாய்க்கு ஏற்கெனவே யாரும் இல்லை என்று உறுதியா? கார்த்திகை மார்கழியில் நடந்து போகும் சாமிமார் பின்னாலேயே ஊர்விட்டு ஊர் வந்துவிடும் நாய்களை நான் பார்த்திருக்கிறேன். கழுத்தில் பட்டை இருந்த தடம், அரைத்துப்போன முடி தெரிகிறதா என்று பாருங்கள். புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு டீக்கடைகளில் படத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். காரை நிறுத்தி இறக்கிவிட்டுப் போனதாகத் தெரியவந்தால் அதுவும் ஒரு பதில்தான். வளர்த்த பிராணியை அப்படி விட்டுவிட்டுப் போவது 1960ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம்.

காகிதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காரில் கொண்டுபோக எல்லையில் பெரிதாக எதுவும் கேட்க மாட்டார்கள், தடுப்பூசிப் புத்தகமும் மருத்துவரிடம் ஒரு உடல்நலச் சான்றும் கையில் இருக்கட்டும். கேரளத்தில் வளர்ப்பு நாய்க்கு உள்ளாட்சியில் உரிமம் எடுக்க வேண்டும். 2021இல் திருவனந்தபுரம் பக்கத்தில் புரூனோ என்ற நாயை அடித்துக் கொன்ற வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் அதை வலியுறுத்தியது. உரிமத்துக்குத் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், ஆகவே நீங்கள் போடும் ஊசி அங்கேயும் உதவும். தெருநாயைத் தத்தெடுத்தவர் அதைத் திரும்பத் தெருவில் விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி உத்தரவில் சொல்லியிருக்கிறது. நான் ஒரு வெள்ளைத்தாளில், எந்தக் காரணத்துக்காக வேண்டாம் என்று தோன்றினாலும் என்னிடமே திருப்பிக் கொடுப்பேன் என்று எழுதி வாங்கிக்கொள்வேன். கோர்ட்டில் அது செல்லுமா என்பதைவிட, கையெழுத்துப் போடும்போது அவர் முகத்தைப் பார்க்கத்தான் அது.

இனி ஏக்கம். நிச்சயமாகத் தெரிந்தது: இடம் மாறிய நாய் இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாது, வாசலையே பார்க்கும், சில நாய் வீட்டுக்குள் மூத்திரம் போகும். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம், மூன்றாம் நாளும் வாயே வைக்காவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூன்று நாளில் பயம் தணியும், மூன்று வாரத்தில் வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று ஆகும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அது காப்பகக்காரர்களின் அனுபவக் கணக்கு, ஆராய்ச்சி முடிவு இல்லை. ஆனால் புதிதாக வாங்குகிறவர்களைப் பொறுமையாக இருக்கவைக்க உதவுகிறது, அதனால் நானும் சொல்வேன். ஆராய்ச்சி என்று பார்த்தால், 2019இல் அமெரிக்காவில் காப்பகத்து நாய்களை ஓரிரு இரவு வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். வீட்டில் இருந்த நாளில் சிறுநீரில் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் குறைந்தது, காப்பகத்துக்குத் திரும்பியதும் பழையபடி ஏறிவிட்டது. முன்பின் தெரியாத வீடானாலும் வீடு வீடுதான் என்று நான் அதை எடுத்துக்கொள்கிறேன். உங்களை அது மறந்துவிடுமா என்றால், மாட்டாது என்றே நினைக்கிறேன். ஆண்டுகள் கழித்துப் பழைய ஆளை மோப்பத்தில் தெரிந்துகொண்ட நாய்களைப் பார்த்திருக்கிறேன். ஞாபகம் இருப்பதும் ஏங்கிக்கொண்டிருப்பதும் ஒன்றில்லை.

கைவிடுவதா என்ற அந்த நான்காவது கேள்விக்கு என் கருத்து: வீட்டுக்காரர் சண்டையில் ஒருநாள் அவசரமாக எங்கேயோ கொண்டுபோய் விட நேர்ந்தால் அது கைவிடுதல். இன்று நிதானமாக, விசாரித்து, உண்மையைச் சொல்லி, திரும்பக் கேட்டால் கதவு திறந்திருக்கும் என்று கொடுத்தால் பாதியில் நின்ற வைத்தியத்தை முடிக்கிறீர்கள். கருத்தடைக் காயம் ஆறப் பத்துப் பன்னிரண்டு நாள், இரண்டாவது ஊசிக்கு ஒரு மாதம் என்று கணக்குப் போட்டால், ஆறேழு வாரம் கழித்துக் கொடுப்பது சரியாக வரும். அதற்குள் புனலூர்க்காரர்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து நாயோடு உட்கார்ந்துவிட்டுப் போகட்டும். பாஷையைப் பற்றிக் கவலை வேண்டாம், ‘வா’வும் ‘போ’வும் மலைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். அவர்கள் ‘பட்டி’ என்றால் கோபப்படாதீர்கள், மலையாளத்தில் நாய்க்கு அதுதான் பெயர்.

கொண்டுபோகிற அன்று நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். புளியரை வளைவுகளில் முதல்முறை காரில் ஏறும் நாய் நிச்சயம் வாந்தி எடுக்கும். லாரிகள் வரிசை கட்டுமுன் விடியற்காலையில் கிளம்புங்கள். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைச் சீட்டு, ஊசிப் புத்தகம் எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும். படுத்திருந்த சாக்கையும் கூடவே கொடுத்துவிடுங்கள், துவைக்காமல்.